வேரடியில் ஒரு காவல்

நுழையும்முன்

பயிரைப் பூச்சி தாக்கியது என்றவுடன் மருந்து தெளிக்கும் எண்ணமே பலருக்கும் எழுகிறது. பயிரின் வேரிலும் மண்ணிலும் கண்ணுக்குத் தெரியாத காவலர்கள் வாழ்கின்றனர். அவர்கள் பயிரைக் காக்கும் விதத்தையும், அவர்களைத் துணைகொள்ள விரும்பும் உழவர் அறிந்திருக்க வேண்டியவற்றையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வாஷிச் சந்தை

நவி மும்பையின் வாஷியில் பொழுது புலருமுன்பே சந்தை விழித்துக்கொள்கிறது. இரவெல்லாம் ஓடிவந்த சரக்குந்துகள் வரிசையாக வந்து நிற்கின்றன. வெங்காயமும் உருளைக்கிழங்கும், காய்கறி, பழம், தானியம், மளிகைப் பொருள் என ஐந்து பிரிவுகளாக விரிந்த பெருஞ்சந்தை அது. மகாராட்டிர வயல்களில் விளைந்தவையும் பிற மாநிலங்களிலிருந்து வந்தவையும் அங்கே இறங்குகின்றன. பின்னர்த் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என நகரெங்கும் உள்ள கடைகளுக்குச் செல்கின்றன. சாம்பாருக்கு வேண்டிய கத்தரிக்காயும் முருங்கைக்காயும், சட்னிக்கு வேண்டிய தேங்காயும் இவ்வாறே தமிழ்க் குடும்பங்களின் அடுக்களையை அடைகின்றன.

கடையில் காய் வாங்குவோரின் கைகளைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். சிறு துளை தென்பட்டாலும் அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுக்கிறார்கள். அந்தத் துளை உழவருக்கு இழப்பு. துளை விழுந்த காய்க்குச் சந்தையில் விலை இல்லை. ஆகவே, புழு விழுமுன்னரே மருந்தைத் தெளித்துவிட அவர் விரைகிறார். ஒருமுறை தெளித்தும் மனம் அமைதியடையாமல் மறுமுறையும் தெளிக்கிறார். நகரத்துக் கடையில் ஒரு காயை ஒதுக்கும் விரல், தொலைவில் உள்ள வயலில் மருந்துத் தெளிப்பானை இயக்கும் கையோடு இவ்வாறு தொடர்பு கொண்டுள்ளது.

நஞ்சின் விலை

வேதிப் பூச்சிக்கொல்லிகள் பல வேளைகளில் பயிரைக் காப்பாற்றியுள்ளன என்பது உண்மை. ஆனால், அவற்றையே நம்பியிருப்பதால் மூன்று தீமைகள் விளைகின்றன.

முதலாவது, ஒரே மருந்தை மீண்டும் மீண்டும் தெளிக்கும்போது, அதைத் தாங்கும் ஆற்றலுடைய சில பூச்சிகள் பிழைத்துக்கொள்கின்றன. அவற்றின் வழித்தோன்றல்களுக்கும் அவ்வாற்றல் வாய்க்கிறது. நாளடைவில் அம்மருந்து பயனற்றுப் போகிறது.

இரண்டாவது, பல மருந்துகள் நல்லது, தீயது என்று பிரித்தறிவதில்லை. பயிரைத் தின்னும் புழுவோடு, அப்புழுவைப் பிடித்துண்ணும் சிலந்தியும் பொறிவண்டும் குளவியும் மடிகின்றன. காவலர் இல்லாத வயலில் தீமை செய்யும் பூச்சி முன்னிலும் விரைவாகப் பெருகுகிறது.

மூன்றாவது, நஞ்சு மனிதரையும் விட்டுவைப்பதில்லை. 2017-ஆம் ஆண்டு மகாராட்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்தி வயல்களில் மருந்து தெளித்த உழவரும் கூலித் தொழிலாளரும் பெருமளவில் நஞ்சேறி மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பயிரைக் காக்கச் சென்றவர்கள் வீடு திரும்பவில்லை. வேறு வழி தேட வேண்டியதன் தேவையை இந்நிகழ்வு நாடெங்கும் உணர்த்தியது.

வேரைச் சுற்றி ஓர் ஊர்

செடியின் வேர் நீரையும் சத்தையும் உறிஞ்சுவதோடு நிற்பதில்லை. சர்க்கரை, அமினோ அமிலம் போன்றவற்றை மண்ணில் கசியவும் விடுகிறது. அந்த உணவை நாடி எண்ணற்ற நுண்ணுயிர்கள் வேரைச் சுற்றிக் குடியேறுகின்றன. வேரை ஒட்டிய இம்மண்பகுதி வேர்மண்டலம் எனப்படும். அங்கே வாழும் உயிர்களுள் நோய் தருபவையும் உண்டு; நன்மை செய்பவையும் உண்டு.

நன்மை செய்பவற்றுள் ஒன்று சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்னும் பாக்டீரியா. கோல் வடிவம் கொண்ட இது, மண்ணில் உள்ள இரும்புச் சத்தைப் பற்றுவதற்காக ஒரு நிறமியைச் சுரக்கிறது. புறஊதாக் கதிர் பட்டால் அந்நிறமி மஞ்சள் கலந்த பச்சை ஒளி வீசும். பெயரில் உள்ள ‘புளோரசன்ஸ்’ என்னும் சொல் இவ்வொளிர்தலையே குறிக்கிறது. இரும்பை இது முந்திக்கொண்டு பற்றிவிடுவதால் நோய் தரும் பூஞ்சைகளுக்கு அது கிட்டாமல் போகிறது.

கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக அறிவியலாளர்கள் இப்பாக்டீரியாவைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். 1868-இல் சென்னை சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தொடங்கிப் பின்னர்க் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்த நிறுவனமே 1971-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட ‘பிஎஃப் 1’ என்னும் பாக்டீரிய வகை, டால்க் என்னும் மென்மையான கல்மாவில் கலந்து உழவர்களுக்கு வழங்கப்படுகிறது. நெல்லின் இலையுறைக் கருகல் போன்ற நோய்களைத் தடுப்பதே இதன் முதற்பணியாக இருந்தது. ஆய்வு தொடர்ந்தபோது வியப்பான வேறொரு பயனும் வெளிப்பட்டது. இப்பாக்டீரியாக்களைப் பெற்ற நெற்பயிரில் இலைச்சுருட்டுப் புழுவின் தாக்குதலும் குறைந்தது. ஒரு வகையைத் தனியே இடுவதைவிட, ஒத்துப்போகும் வகைகளைச் சேர்த்து இடும்போது பயன் மிகுந்தது.

வேரில் நின்று இலையைக் காத்தல்

இலைச்சுருட்டுப் புழு நெல்லிலையின் இரு ஓரங்களையும் தன் வாயிலிருந்து சுரக்கும் இழையால் இழுத்துப் பிணைக்கிறது. குழல்போல் மடிந்த இலைக்குள் பாதுகாப்பாக இருந்துகொண்டு பச்சையத்தைச் சுரண்டித் தின்கிறது. சுரண்டிய இடம் வெளுத்துக் கோடுகோடாகத் தெரியும். பச்சையம் இழந்த இலையால் உணவு ஆக்க இயலாது. நெல்மணி நிறையாமல் போகும்.

புழு இருப்பது இலையில். பாக்டீரியா இருப்பது வேரில். இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. அவ்வாறாயின், வேரில் உள்ளது இலையில் உள்ளதை எவ்வாறு தடுக்கிறது?

விடை பயிருக்குள்ளேயே இருக்கிறது. வேரில் குடியேறும் பாக்டீரியாவைப் பயிர் உணர்ந்துகொள்கிறது. அவ்வுணர்வு பயிரின் உடல் முழுவதற்கும் செய்தியாகச் செல்கிறது. ஜாஸ்மோனிக் அமிலம், எத்திலீன் ஆகிய பொருள்கள் இச்செய்தியைக் கொண்டுசெல்வதில் பங்கு பெறுகின்றன. செய்தி பெற்ற பயிர் விழிப்புநிலை அடைகிறது. பின்னர்ப் புழு இலையைக் கடிக்கும்போது, காப்பு நொதிகளையும் பிற காப்புப் பொருள்களையும் அது விரைவாகவும் மிகுதியாகவும் சுரக்கிறது. அத்தகைய இலை புழுவுக்கு எளிதில் செரிப்பதில்லை. அதனால் புழுவின் வளர்ச்சி குன்றுகிறது. இதனை அறிவியலார் தூண்டப்பட்ட எதிர்ப்புத்திறன் என்பர்.

குழந்தைகளுக்கு இடப்படும் தடுப்பூசியை இதற்கு ஓரளவு ஒப்பிடலாம். நோய் வருமுன்னரே உடலை ஆயத்தப்படுத்துவது தடுப்பூசி. பூச்சி வருமுன்னரே பயிரை ஆயத்தப்படுத்துவது இந்நுண்ணுயிர். ஆயினும், மனித உடலில் உள்ளவை போன்ற குருதியணுக்கள் பயிருக்கு இல்லை. பயிரின் ஒவ்வொரு பகுதியும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். வேரில் தோன்றும் எச்சரிக்கை இலைவரை சென்று சேர்வது அதனால்தான் இன்றியமையாததாகிறது.

பூச்சிக்கு நோய் தரும் பூஞ்சை

பயிரை ஆயத்தப்படுத்துவது ஒரு வழி. பூச்சிக்கே நோய் உண்டாக்கும் நுண்ணுயிரைப் பயன்படுத்துவது மற்றொரு வழி. இவ்வழி ஒரு பெருந்துன்பத்திலிருந்து பிறந்தது.

இத்தாலி நாட்டில் பட்டுப்புழுக்கள் வெண்பொடி பூத்து இறந்தன. பட்டு வளர்ப்போர் செய்வதறியாது கலங்கினர். அகோஸ்டினோ பாஸி என்பவர் பல்லாண்டு ஆராய்ந்து, அந்நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சையே என 1835-இல் வெளியிட்டார். நுண்ணுயிரால் விலங்குகளுக்கு நோய் வரும் என்பதை முதன்முதலில் மெய்ப்பித்த ஆய்வுகளுள் அது ஒன்று. அப்பூஞ்சைக்குப் பின்னாளில் அவர் நினைவாகப் பேவேரியா பேசியானா என்று பெயரிட்டனர். பட்டுப்புழுவுக்குப் பகையான இப்பூஞ்சை, பயிரைத் தின்னும் பூச்சிகளையும் கொல்வதால் இன்று உழவருக்கு நண்பனாகிவிட்டது.

1879-இல் எலி மெச்னிகாவ் என்னும் அறிஞர், கோதுமையைத் தாக்கும் வண்டின் புழுக்களில் பச்சைப் பொடி பூக்கச் செய்யும் வேறொரு பூஞ்சையைக் கண்டறிந்தார். அதனை வளர்த்து வயலில் இட்டால் வண்டுகளைக் கட்டுப்படுத்தலாம் என்றும் கருதினார். பின்னாளில் நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய ஆய்வுக்காக 1908-இல் நோபல் பரிசு பெற்றவர் அவரே. அப்பூஞ்சை இன்று மெட்டாரைசியம் எனப்படுகிறது.

இப்பூஞ்சைகளின் வித்துகள் பூச்சியின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு முளைக்கின்றன. முளை தோலைத் துளைத்து உள்ளே செல்கிறது. உடலுக்குள் இழையாகப் பரவுகிறது. சில நாள்களில் பூச்சி இறக்கிறது. ஈரம் போதுமானதாக இருந்தால் இறந்த உடலின்மேல் மீண்டும் வித்துகள் பூத்துப் பிற பூச்சிகளுக்கும் பரவுகின்றன. பூச்சி அதனை உண்ண வேண்டியதில்லை, பட்டாலே போதும்.

மெச்னிகாவ் கண்ட பூஞ்சைக்குத் தென்னந்தோப்பிலும் வேலை உண்டு. தென்னையின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு எருக்குழியில் முட்டையிடுகிறது. அதன் புழுக்கள் மட்கிய சாணத்தில் வளர்கின்றன. வண்டு தின்ற குருத்து விரியும்போது கத்தரித்த விசிறிபோல் ஓலை தெரியும். எருக்குழியில் மெட்டாரைசியத்தைக் கலந்துவிட்டால் புழுக்கள் அங்கேயே நோயுற்று மடிகின்றன. வேகவைத்த அரிசியில் இப்பூஞ்சையை வளர்க்க முடியும் என்பதால் சிறு அளவில் உற்பத்தி செய்வதும் இயலும்.

பொள்ளாச்சி கற்பித்த பாடம்

2016-ஆம் ஆண்டு கோயம்புத்தூர் மாவட்டம் பொள்ளாச்சிப் பகுதித் தென்னந்தோப்புகளில் புதியதொரு பூச்சி காணப்பட்டது. அயல்நாட்டிலிருந்து வந்த அதன் பெயர் சுருள் வெள்ளை ஈ. ஓலையின் அடிப்பக்கத்தில் சுருள் வடிவில் முட்டையிட்டு வெண்மெழுகு படியவைத்ததால் அப்பெயர் பெற்றது. அது சாற்றை உறிஞ்சித் தேன்போன்ற கழிவைச் சிந்தியது. அக்கழிவின்மேல் கரும்பூசணம் படர்ந்து ஓலைகள் கரிபடிந்தவைபோல் ஆயின. ஒளி படாத ஓலையில் உணவு உற்பத்தி குன்றியது. தென்னையை நம்பி வாழும் குடும்பங்கள் அஞ்சின.

வலிமையான நஞ்சைத் தெளிக்கலாமா என்னும் கேள்வி எழுந்தது. ஆனால், அந்த ஈயின் உடலில் முட்டையிட்டு அதனை அழிக்கும் எங்கார்சியா என்னும் மிகச்சிறு ஒட்டுண்ணிக் குளவியும் அதே தோப்புகளில் இருந்தது. நஞ்சு தெளித்தால் குளவியும் அழியும். எனவே, வேதி மருந்தைத் தவிர்க்குமாறு அறிவியலாளர்கள் அறிவுறுத்தினர். மஞ்சள் நிற ஒட்டும் பொறிகளை வைத்தல், ஓலையின் அடியில் நீரைப் பீய்ச்சுதல், குளவியைப் பாதுகாத்துப் பரப்புதல் ஆகியவை பரிந்துரைக்கப்பட்டன. கரும்பூசணத்தை நீக்க ஒரு லிட்டர் நீருக்கு 25 கிராம் மைதாப் பசை கலந்து தெளிக்கக் கூறினர். பசை காய்ந்து உதிரும்போது பூசணமும் உதிரும். பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம், இசாரியா என்னும் பூஞ்சையை இந்த ஈக்கு எதிராகப் பயன்படுத்தும் முறையை வகுத்தது.

காவலர் யார் என்று அறியாமல் வாளை வீசக் கூடாது என்பதே பொள்ளாச்சி கற்பித்த பாடம்.

உயிரைக் கையாளும் முறை

புட்டியில் உள்ள வேதி மருந்தைப் போன்றதன்று நுண்ணுயிர். அது உயிருள்ளது. வெயிலில் வாடும்; வெப்பத்தில் இறக்கும்; காலம் கடந்தால் எண்ணிக்கையில் குறையும். ஆகவே, அதனைப் பயன்படுத்துவோர்க்குச் சில நெறிகள் உண்டு.

நெல்லுக்கு, ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் பொடியை ஒரு லிட்டர் நீரில் கலந்து, விதையை இரவு முழுவதும் ஊறவைத்து, நீரை வடித்து முளைகட்டி விதைப்பர். நடவின்போது, ஒரு எக்டேருக்கு 2.5 கிலோ பொடியை 25 சதுர மீட்டர் பரப்பில் தேங்கிய நீரில் கலந்து, நாற்றின் வேரை அதில் 30 நிமிடம் நனைத்து நடுவர். மண்ணில் இடுவதாயின், ஒரு எக்டேருக்கு 2.5 கிலோ பொடியை 50 கிலோ மட்கிய தொழுவுரத்துடன் கலந்து தூவுவர்.

பூஞ்சைகளை மாலை வேளையில் தெளிப்பதே நன்று. பகல் வெயிலின் புறஊதாக் கதிர்கள் வித்துகளை அழித்துவிடும். இரவின் ஈரம் அவை முளைக்க உதவும். பூஞ்சையைக் கொல்லும் வேதி மருந்துகளுடன் இவற்றைக் கலக்கக் கூடாது. மல்பெரித் தோட்டத்திற்கு அருகில் பேவேரியாவைத் தெளிக்கக் கூடாது. பாஸியின் காலத்துப் பட்டுப்புழுக்களுக்கு நேர்ந்தது மீண்டும் நேரும். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு பெற்ற பொருளையே வாங்க வேண்டும். உறையில் உள்ள காலாவதி நாளைப் பார்க்க வேண்டும்.

இவற்றால் எல்லாப் பூச்சியும் ஒரே நாளில் ஒழிந்துவிடும் என எண்ணுதல் தவறு. நுண்ணுயிர் பொறுமையாகவே பணிசெய்யும். கத்தரிக்காய்க்குள் புகுந்துவிட்ட புழுவை எந்தத் தெளிப்பும் எளிதில் எட்டுவதில்லை. முன்கூட்டியே தொடங்குவோர்க்கும் வயலை நாள்தோறும் நோக்குவோர்க்குமே இம்முறை கைகொடுக்கும். தாக்கப்பட்ட தளிரைக் கிள்ளி அழித்தல், பொறி வைத்தல், தழைச்சத்து உரத்தை அளவோடு இடுதல் ஆகியவற்றோடு சேரும்போது நஞ்சின் தேவை குறைகிறது. நஞ்சு குறையக் குறைய, தெளிப்போரின் உயிருக்கும் உண்போரின் உடலுக்கும் உள்ள இடர் குறைகிறது.

நகரத்தாருக்கும் இதில் பங்கு உண்டு. ஓரத்தில் சிறு கீறலோ புள்ளியோ உடைய காயை வாங்குவதால் உணவுக்குக் குறை நேராது. பழுதான பகுதியை அரிந்து நீக்கினால் போதும். மாசற்ற தோற்றத்தையே கேட்கும் சந்தைக்காக உழவர் கூடுதலாக ஒருமுறை நஞ்சு தெளிக்க வேண்டிய நிலை அதனால் தவிர்க்கப்படலாம். வாஷியில் இறங்கும் ஒவ்வொரு மூட்டைக்குப் பின்னும் ஒரு வயல் இருக்கிறது. அவ்வயலில் மூச்சுவிடும் மனிதர் ஒருவரும் இருக்கிறார்.

சொல்லும் பொருளும்

நுண்ணுயிர் – கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்
வேர்மண்டலம் – வேரை ஒட்டிய மண்பகுதி
நொதி – உயிரினுள் வேதி மாற்றத்தை விரைவுபடுத்தும் பொருள்
குருத்து – விரியாத இளம் ஓலை
தொழுவுரம் – மாட்டுத் தொழுவத்திலிருந்து கிடைக்கும் உரம்
கரும்பூசணம் – இலைமேல் கரிபோல் படரும் பூஞ்சை

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. நுண்ணுயிர்
2. வேரடி
3. எருக்குழி
4. அவ்வாற்றல்

ஆ. பொருத்துக.
1. பாஸி – எருக்குழி
2. மெட்டாரைசியம் – நெல்லிலை
3. எங்கார்சியா – பட்டுப்புழு
4. இலைச்சுருட்டுப் புழு – ஒட்டுண்ணிக் குளவி

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சூடோமோனாஸ் புளோரசன்ஸ் அப்பெயர் பெற்றதன் காரணம் யாது?
2. பூஞ்சைகளை மாலையில் தெளிப்பது ஏன்?
3. பொள்ளாச்சித் தோப்புகளில் வேதி மருந்தைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியது ஏன்?

ஈ. சுருக்கமாக விடை எழுதுக.
1. வேரில் வாழும் பாக்டீரியா இலையைக் காக்கும் விதத்தை விளக்குக.
2. ‘பட்டுக்குப் பகை, பயிருக்கு நட்பு’ – இத்தொடர் எந்த நுண்ணுயிருக்குப் பொருந்தும்? காரணம் கூறுக.
3. கடையில் காய் வாங்குவோருக்கும் வயலில் மருந்து தெளிப்போருக்கும் உள்ள தொடர்பை உம் சொற்களில் எழுதுக.

உ. செயல்பாடு
1. வீட்டிற்கு வாங்கிவரும் காய்கறிகளுள் ஐந்தன் பெயரைத் தமிழிலும் மராத்தியிலும் தமிழ் எழுத்தில் எழுதுக. அவை விளைந்த ஊரைக் கடைக்காரரிடம் கேட்டுக் குறிக்க.
2. விடுமுறையில் சொந்த ஊருக்குச் செல்லும்போது தாத்தா, பாட்டி அல்லது அயலில் உள்ள உழவர் ஒருவரிடம், முன்பு பூச்சியைக் கட்டுப்படுத்திய முறைகளைக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக. அவர்கள் கூறும் வட்டாரச் சொற்களை மாற்றாமல் அப்படியே குறித்து வருக.